பூச்சி தின்னும் செடிகளில் செட்டிநாட்டு வெயிலுக்கு எது தாங்கும்?

பூச்சி தின்னும் செடிகளை வளர்ப்பது பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காக எழுதியவை. 'நல்ல வெயில் படும் ஜன்னலோரம் வையுங்கள்' என்று அதில் இருந்தால் அது லண்டன் வெயில். அதை நம்பி, கானாடுகாத்தானில் சித்திரை மாதம் மொட்டை மாடியில் செடியை வைத்தால் சாயங்காலத்துக்குள் மோர்மிளகாயாகிவிடும். செடியைப் பற்றிக் கையேடு சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஊரைப் பற்றிச் சொல்வதை மட்டும் நாம் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் இருப்பவர்கள் முதல் செடியாக எதை வாங்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு. நம் கைக்கு எட்டுவது நாலு வகை: வீனஸ் பூச்சிப்பொறி, குடுவைச் செடியான நெப்பந்தஸ், இலையெல்லாம் பசைத்துளி நிற்கும் ட்ரோசீரா, தண்ணீரில் மிதக்கும் யூட்ரிகுலேரியா. பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் படம் பார்த்த அதே ஆட்கள்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீனஸ் வேண்டாம். நடுவில் திறந்த முற்றமும் அதைச் சுற்றி வளவும் உள்ள வீடென்றால் நெப்பந்தஸ். பொறுமை இருந்தால் ட்ரோசீரா. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடென்றால் யூட்ரிகுலேரியா, இல்லாவிட்டால் எதுவுமே வேண்டாம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஈ, கொசுத் தொல்லை தீரும் என்று நினைத்து இதை வாங்காதீர்கள். ஒரு செடி ஒரு வாரத்தில் தின்பது சில எறும்பும் ஒன்றிரண்டு ஈயும்தான். அதைவிட, செடிக்கு அடியில் வைக்கிற தண்ணீர்த் தட்டைக் கவனிக்காமல் விட்டால் அதில் டெங்குக் கொசு முட்டையிடும்.

தண்ணீர் இல்லாமல் பேச்சே இல்லை

எந்தச் செடி என்று யோசிப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள். இவை எல்லாமே சத்தில்லாத சதுப்பிலும் மணலிலும் பிழைக்கப் பழகியவை. மண்ணில் நைட்ரஜன் போதாததால்தான் பூச்சியைப் பிடித்துச் சரிக்கட்டிக்கொள்கின்றன. வேர் வழியாக உப்போ சுண்ணாம்போ உரமோ போனால் அவற்றுக்குத் தாங்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அளவு 50-க்குள் இருந்தால் எல்லாச் செடிக்கும் நல்லது. 100 வரை நெப்பந்தஸ் சமாளிக்கும். அதற்கு மேல் போனால், ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தொட்டியில் தங்கித் தங்கி, சில மாதங்களில் இலை நுனி கருக ஆரம்பிக்கும்.

காரைக்குடிக்காரர்களிடம் இதைச் சொன்னால், 'எங்க சம்பை ஊற்றுத் தண்ணியை விடவா?' என்று கேட்பார்கள். குடிக்க ருசியாக இருப்பதற்கும் செடிக்கு ஆவதற்கும் சம்பந்தமில்லை. ருசியே பாதி அந்தத் தாது உப்புகளால் வருவதுதான். எந்த ஊற்றானாலும் எந்தக் குழாயானாலும் மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷினையும் அப்படியே நம்ப வேண்டாம். பல மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் உப்பைத் திரும்பச் சேர்க்கிற அமைப்பு இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் உள்ளேயிருக்கும் உலோகச் சுருளைத் தொட்டு வருகிறது. அவசரத்துக்குச் சரி, வருடம் முழுக்க அதையே ஊற்ற நான் சொல்ல மாட்டேன்.

மழைத்தண்ணீர்தான் இதற்கு ராஜா. அதைப் பிடிக்கச் செட்டிநாட்டு வீட்டை மிஞ்சிய அமைப்பு கிடையாது. நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அண்டாவும் கிடாரமும் வைத்து மழைத்தண்ணீர் பிடிப்பது நமக்குப் புதுசும் இல்லை. நூறு சதுர அடி ஓட்டுக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் வந்துவிடும். நடுத்தர அளவு நெப்பந்தஸ் ஒன்றுக்குக் கோடையில் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தேவைப்படாது. 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பி வைத்தால் தையிலிருந்து ஆவணி வரை ஓட்டிவிடலாம். ட்ரோசீரா தட்டு வைப்பதானால் கூடுதலாக வேண்டும். ஓர் அடிக்கு ஒன்றேகால் அடித் தட்டிலிருந்து வெயில் நாளில் முக்கால் லிட்டர்போல ஆவியாகிவிடும்.

பிடிக்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். பருவத்தின் முதல் மழையை விட்டுவிடுங்கள், ஓட்டின் மேல் ஆறு மாதத்துப் புழுதியும் புறா எச்சமும் அதில்தான் வரும். சுண்ணாம்புத் தளம், சிமெண்டுத் தளம் வழியாக வரும் தண்ணீரில் சுண்ணாம்பு ஏறியிருக்கும், ஓட்டிலிருந்து நேராக விழுவதைப் பிடியுங்கள். பித்தளை அண்டாவில் பிடித்தாலும் அதிலேயே மாதக்கணக்கில் வைக்காமல், பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி வாயில் வேட்டித் துணி கட்டி மூடிவிடுங்கள். செம்புச் சத்து இந்தச் செடிகளுக்கு ஆகாது, திறந்த டிரம் கொசுவுக்குத் தொட்டில்.

ஆர்.ஓ. தண்ணீரும் சரியில்லை, மழைத்தண்ணீர் சேமிக்கவும் இடமில்லை என்றால் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது. காசுக்கு வாட்டர் கேன் வாங்கி ஊற்றலாம், ஆனால் சித்திரை வைகாசியில் அந்தச் செலவு செடி விலையைத் தாண்டிவிடும்.

வீனஸ்: அழகு, ஆனால் நம்ம ஊர்ச் செடி கிடையாது

எல்லோருக்கும் முதலில் வேண்டியது இதுதான். டார்வின் 1875-ல் எழுதும்போது உலகத்தின் மிக அற்புதமான செடிகளில் ஒன்று என்று இதைச் சொன்னார், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. வாய்போல் விரிந்த இலையின் ஒவ்வொரு பாதியிலும் பெரும்பாலும் மூன்று சின்ன முடிகள். ஒருமுறை தொட்டால் ஒன்றும் ஆகாது. இருபது நொடிக்குள் இரண்டாவது தடவை தொட்டால் படக்கென்று மூடிக்கொள்ளும். மழைத்துளி விழுந்ததற்கெல்லாம் மூடி ஏமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. உள்ளே மாட்டியது தொடர்ந்து துடித்தால்தான் செரிக்கும் நீர் சுரக்கத் தொடங்கும்.

இதன் சொந்த ஊர் அமெரிக்காவில் வட கரோலினா, தென் கரோலினா கடலோரம், வில்மிங்டன் நகரைச் சுற்றிய சின்ன வட்டாரம் மட்டும். அங்கே கோடையில் நன்றாகவே வெயில் அடிக்கும், ஆகவே வெயிலைப் பார்த்து இது பயப்படாது. சிக்கல் குளிர்காலத்தில்தான். ஜனவரி இரவுகளில் அங்கே உறைநிலையை ஒட்டிப் போகும். செடி மூன்று நாலு மாதம் தூங்கும், பிறகு மாசியில் புது வேகத்தோடு எழும்பும். காரைக்குடியில் மார்கழி விடியற்காலையில்கூட இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. தூக்கமே இல்லாமல் ஓடும் செடி முதல் வருடம் நன்றாக இருக்கும், இரண்டாவது வருடம் இலை சிறுக்கும், அப்புறம் போய்விடும். வாங்கியவர் தன் கைராசியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத் தூங்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணைக் கழுவி, வேரை ஈரப் பாசியில் சுற்றி, மூடிய பையில் போட்டு மார்கழி முதல் மாசி வரை அடித்தட்டில் வைக்க வேண்டும். பூஞ்சை பிடிக்கிறதா என்று அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். செய்ய முடியும்தான். ஆனால் பொங்கல் சமயத்தில் நம் வீட்டுப் பெட்டியில் இட்லி மாவுக்கே இடமில்லை. செடிப் பை எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ வீடு இருந்தால் அது வேறு கதை. அங்கே இதையும், இதே மாதிரி குளிர் கேட்கும் சாரசீனியா என்ற இன்னொரு குடுவைச் செடியையும் தாராளமாக வளர்க்கலாம்.

இணையத்தில் விற்கும் வீனஸ் விதைகளில் நீல நிறம், ஊதா நிறம் என்று படம் போட்டவை எல்லாம் ஏமாற்று. உண்மையான விதையே கிடைத்தாலும் ஓரளவு பெரிய செடியாக மூன்று நாலு வருடம் பிடிக்கும்.

நெப்பந்தஸ்: முற்றத்துக்கென்றே வந்தது

இலை நுனியில் நரம்பு நீண்டு, அதன் முனையில் குடுவை தொங்கும் செடி. மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் வகைகள் ஏராளம். இலங்கையில் ஒரு வகை, இந்தியாவில் மேகாலயாவின் காசி மலைப் பக்கம் ஒரு வகை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஆட்கள் மலாயாக் காடுகளில் இதைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. அங்கே ஒரு வகைக் குடுவையில் ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் அடைத்து அவித்துச் சாப்பிடுகிறார்கள். பர்மாவிலிருந்து கவுனி அரிசியைக் கொண்டுவந்தவர்கள் இதை ஏன் விட்டுவிட்டார்கள் என்று தெரியவில்லை.

குடுவையின் வாயைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். விளிம்பு முழுக்க மெல்லிய வரிகள் உள்பக்கமாக ஓடும். ஈரம் பட்டதும் அந்த வரிகளில் தண்ணீர் படலமாகப் பரவிவிடும், அதில் எறும்பின் கால் பிடிக்காது. விளிம்பில் ஊறும் தேனுக்காக வந்த எறும்பு காலையில் மாட்டும், நடுப்பகலில் அதே விளிம்பு காய்ந்து கிடக்கும்போது தின்றுவிட்டுத் தப்பித்துப் போகும். மூடி போன்ற சின்ன இலை மழைத்தண்ணீர் உள்ளே நிரம்பாமல் காக்கத்தானே தவிர, அது பூச்சியை அடைக்க மூடிக்கொள்ளாது. படம் பார்த்து வளர்ந்த பலருக்கு இதில் சின்ன ஏமாற்றம் உண்டு.

நமக்குச் சாதகமான விஷயம், இதற்குக் குளிர்காலத் தூக்கம் தேவையில்லை. ஆனால் எல்லா நெப்பந்தஸும் ஒன்றல்ல. மலை உச்சி வகைகளுக்கு இரவு 15 டிகிரிக்கு இறங்க வேண்டும், படத்தைப் பார்த்து அவற்றில் ஆசை வைக்காதீர்கள். தாழ்நில வகைகளான மிராபிலிஸ், கிராசிலிஸ், ராஃப்ளீசியானா, ஆம்புலேரியா ஆகியவை நம் இரவுச் சூட்டைத் தாங்கும். நர்சரிகளில் சகஜமாகக் கிடைப்பது வென்ட்ராட்டா என்ற கலப்பினம். பரம்பரையில் கொஞ்சம் மலை ரத்தம் இருந்தாலும் அடி வாங்கித் தாங்கும் செடி, விலையும் சில நூறு ரூபாய்தான். முதல் செடிக்கு அதுதான் என் தேர்வு. மேகாலயாவின் காசியானா வகை அழிவு அபாயத்தில் இருக்கிறது, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் மிகக் கடுமையான முதல் பிரிவில் இருக்கிறது. நர்சரியில் பெருக்கிய செடி என்று நிச்சயமாகத் தெரிந்தாலொழிய வாங்காதீர்கள்.

வெயிலைவிட நம் ஊர்க் காய்ந்த காற்றுதான் இதற்கு எதிரி. காற்றில் ஈரப்பதம் பாதிக்குக் கீழே போனால் இலை வரும், ஆனால் நுனியில் குடுவை ஊதாது. மொட்டை மாடியிலும் முகப்பிலும் வைத்தால் பங்குனிக்கு மேல் வெறும் இலைதான். வளவுக்குள் நிலைமை வேறு. நாலு பக்கமும் பத்தி என்கிற தாழ்வாரம், நடுவில் திறந்த வானம், கனத்த சுவர். வெளிச்சம் தாராளமாக இறங்குகிறது, வெக்கைக் காற்று நேரே அடிப்பதில்லை. முற்றத்துக்கு மேல் போட்டிருக்கும் கம்பி வலையிலிருந்து, காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படும் பக்கமாகத் தொங்கவிட்டால் போதும். கத்திரி வெயில் நாட்களில் தூணோரமாகத் தள்ளி வைத்து, காலையும் மாலையும் முற்றத்துத் தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், மண் தொட்டியும் சிமெண்டுத் தொட்டியும் வேண்டாம். உள்ளே செம்மண், எரு, மண்புழு உரம் எதுவும் கூடாது. மழைத்தண்ணீரில் மூன்று நாலு தடவை ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டு, ஸ்பேக்னம் என்ற சதுப்புநிலப் பாசி, பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல் மூன்றும் கலந்தால் போதும். கழுவாத தேங்காய் நார்க் கழிவில் உப்பு இருக்கும், மீட்டரை வைத்துப் பார்த்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். தட்டில் தண்ணீர் தேக்க வேண்டாம், மேலே ஊற்றி வடியவிடுங்கள். குடுவைக்குள் இருக்கும் நீரைக் கொட்டாதீர்கள், கொட்டிவிட்டால் கொஞ்சம் மழைத்தண்ணீர் விடுங்கள். சாப்பாடு போட வேண்டிய அவசியமே இல்லை, நம் வீட்டில் எறும்புக்கா பஞ்சம்!

பெரிய ஆபத்து அன்பான கைகளால்தான் வரும். 'அப்பத்தா, இதுக்கு மட்டும் கழனித் தண்ணி ஊத்தாதீங்க' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்னாலும், 'பாவம்டா, வாடிக் கெடக்கு' என்று ஒருநாள் ஊற்றிவிடுவார்கள். அதனால்தான் உயரத்தில் தொங்கவிடச் சொல்கிறேன்.

ட்ரோசீரா: சின்னச் செடி, பெரிய வேடிக்கை

இதில் நம் நாட்டு வகைகளே உண்டு. ட்ரோசீரா இண்டிகா, ட்ரோசீரா பர்மானி இரண்டும் தமிழகச் சமவெளியில் ஈர மணல் நிலங்களில் மழைக்காலத்தை ஒட்டி முளைத்து, பூத்து, விதை போட்டு, வெயில் ஏறும்போது காய்ந்துவிடும் செடிகள். குளிரும் வேண்டாம், வளவும் வேண்டாம். பகல் வெயில் நன்றாகப் பட்டால்தான் பசைத்துளி நிற்கும்.

பர்மானி ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். தரையோடு தரையாகச் சிவந்த வட்டம். ஒவ்வொரு இலையிலும் சிவப்புக் காம்புகள், காம்பு நுனியில் பசைத்துளி. ஓரத்தில் நீளமாக நிற்கும் காம்புகளில் எறும்பு கால் வைத்தால் சில நொடிகளில் அவை உள்பக்கம் மடங்கி எறும்பை நடுவில் தள்ளிவிடும். வீனஸ் வேடிக்கைக்காக ஏங்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள், ஒரு பூதக்கண்ணாடியும் கொடுங்கள்.

வைத்த செடி ஒரு வருடத்தைத் தாண்டுவது அபூர்வம், ஒவ்வொரு வருடமும் விதை சேர்த்துத் திரும்பப் போட வேண்டும் என்பதுதான் இதிலுள்ள குறை. பூ தானாகவே காய்த்துவிடும், விதை தூசி மாதிரி இருக்கும். பீட் பாசியும் (மக்கிய சதுப்புநிலப் பாசி) கழுவிய ஆற்றுமணலும் கலந்து, மேலாகத் தூவி, மூடாமல் விட வேண்டும். தட்டில் எப்போதும் ஒரு விரற்கடை மழைத்தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தட்டைத்தான் நான் முதலில் சொன்னேன். வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவி மாற்றுங்கள். தட்டு நிறைய கழுவிய கூழாங்கல் பரப்பி, தண்ணீர் கல்லின் தலைக்குக் கீழேயே நிற்கும்படி வைத்தால் கொசு இறங்குவது குறையும். காட்டில் பார்த்தால் பிடுங்கி வராதீர்கள். பிடுங்கியது பெரும்பாலும் பிழைக்காது, இருந்த இடத்தில் விதையும் விழாது. ஏற்கெனவே வளர்ப்பவரிடம் ஒரு சிட்டிகை விதை கேட்டால் கொடுப்பார்கள்.

கேப்பன்சிஸ் என்ற தென்னாப்பிரிக்க வகையைக் கையேடுகள் 'சாகடிக்கவே முடியாது' என்று புகழும். நம் சித்திரைக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. ஐப்பசியில் வாங்கினால் பங்குனி வரை ஜோராக இருக்கும், பிறகு நிழல் தேடிக் கொடுக்க வேண்டும். இலையே பசையாக இருந்து பூச்சி பிடிக்கும் மெக்சிகோ பிங்குவிகுலாவும் அப்படித்தான், ஏ.சி. அறை ஜன்னலோரம் இருந்தால் பார்க்கலாம்.

பூட்டிய வீட்டுக்கு

செட்டிநாட்டில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ, இங்கே சாவி வைத்திருப்பவர் வாரம் இரண்டு தடவை வந்து விளக்கேற்றிப் பெருக்கிவிட்டுப் போவார். நெப்பந்தஸுக்குக் கோடையில் தினம் ஆள் வேண்டும். ட்ரோசீராவும் இரண்டு நாள் தட்டு காய்ந்தால் போச்சு. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒத்துவருவது யூட்ரிகுலேரியா மட்டும்தான்.

ஊருணி, கண்மாய்களில் மழைக்குப் பிறகு தண்ணீருக்கு மேல் மஞ்சளாகச் சின்னப் பூ தலை நீட்டி, கீழே வேரே இல்லாமல் நூல்நூலாக மிதப்பதுண்டு. யூட்ரிகுலேரியா ஆரியா அந்த ரகம். நூல்களில் சின்னஞ்சிறு பைகள். பையிலிருந்து தண்ணீரை வெளியேற்றி உள்ளே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும். வாசல் முடியில் நீர்ப்பூச்சி பட்டதும் கதவு திறந்து, கண்ணிமைப்பதற்குள் அல்ல, அதற்கும் எத்தனையோ மடங்கு வேகத்தில், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், உறிஞ்சிவிடும். சின்னக் கொசுப்புழுவையும் தின்னும். பழைய கல்தொட்டி ஒன்று பின்கட்டில் சும்மா கிடந்தால் அதில் மழைத்தண்ணீர் நிரப்பி, ஒரு பிடி பீட் பாசியைத் துணியில் கட்டிப் போட்டு மிதக்கவிடுங்கள். புது சிமெண்டுத் தொட்டி வேண்டாம், சுண்ணாம்பு கக்கும். உப்பு விஷயத்தில் இது மற்றவை போல் அத்தனை கறார் இல்லை. பச்சைப் பாசி படர்ந்து மூச்சு முட்டவைப்பதுதான் இதற்கு வரும் நோய், நேர் வெயிலைக் குறைத்தால் கட்டுப்படும். கொசுவுக்கு இதை மட்டும் நம்பாமல் நாலு கப்பி மீனும் விடுங்கள். மீன்குஞ்சு ஒன்றிரண்டைச் செடி தின்றாலும் கணக்கு சரியாகிவிடும்.

ஆனால் பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. பூ இல்லாத நாளில் விருந்தாளியிடம் காட்டினால் 'பாசி பிடிச்சிருக்கே, கழுவலியா?' என்பார்கள்.

எப்போது வாங்குவது

நெப்பந்தஸ் என்று முடிவு செய்தவர்கள் புரட்டாசி கடைசியிலோ ஐப்பசியிலோ வரவழையுங்கள். சித்திரையில் கூரியர் வண்டிக்குள் இரண்டு நாள் வெந்து வரும் செடி தேறுவது கஷ்டம். மழை மாதத்தில் வந்தால் காற்றில் ஈரம் இருக்கும், டிரம்மும் அப்போதுதான் நிரம்பும். பிரித்ததும் தொங்கவிடாமல், ஒரு வாரம் பெரிய பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி, நேர் வெயில் படாத பத்தியில் வையுங்கள். பிறகு தினம் கொஞ்சமாக உறையைத் திறந்துகொண்டே போங்கள். கூட வந்த குடுவைகள் முதல் மாதத்தில் ஒவ்வொன்றாகக் காயும், அதற்காகத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். புது இலையின் நுனி நரம்பில் பருப்பு அளவுக்கு ஒரு வீக்கம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் செடிக்கு இடம் பிடித்துவிட்டது. இரண்டு மாதமாகியும் தெரியாவிட்டால் முற்றத்தில் இன்னும் வெளிச்சமான பக்கத்துக்கு மாற்றுங்கள்.